பூங்கா நிழலில் எடுத்த அளவு

என் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கியவர்கள் யாரும் கிடையாது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்டால், "நாக்குக்குத் தெரியுற அளவுக்கு இல்ல" என்பார். கதவைப் பூட்டினீர்களா என்றால், "பூட்டின ஞாபகம் இருக்கு" என்பார். பூட்டினேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் இதை அடக்கம் என்று நினைத்து நானும் மயங்கித்தான் போனேன். தொழிலால் வந்த வியாதி என்று புரிந்தபோது இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

மண்ணிலும் தண்ணீரிலும் வீடுகளிலும் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. ஒரு வேன், ஒரு டிரைவர், முக்காலியின் மேல் நிறுத்தி வைக்கிற ஒரு கருவி. இவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். அந்தக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் பயணம் செய்வார். எங்கள் பிள்ளைகளைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கினாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில் வேண்டா வெறுப்பாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கதிர்வீச்சு இல்லாத இடமே உலகத்தில் இல்லையாம். பாறையில் கொஞ்சம், செங்கல்லில் கொஞ்சம், நம் உடம்பிலேயே கொஞ்சம். கருவியை எங்கே வைத்தாலும் அது எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருக்கும். இயற்கையாகவே இருக்கிற அந்த எண்ணிக்கைக்குப் பின்னணி என்று பெயர். முதலில் சுத்தமான ஓர் இடத்தில் பின்னணியை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு சந்தேகப்படுகிற இடத்தில் அளந்து, அதிலிருந்து பின்னணியைக் கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. மிச்சம் ரொம்பச் சின்னதாக இருந்தால் அது நிஜமா, கருவியின் தடுமாற்றமா என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லைக்குக் கீழே போனால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவார்கள்.

"அப்படின்னா இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சந்தையில நிக்குற. பக்கத்துல ஒருத்தர் முணுமுணுக்குறார். உனக்குக் கேக்கல. அதுக்காக அவர் பேசவே இல்லைன்னு சொல்லுவியா? கத்தியிருந்தா கேட்டிருக்கும்னுதான் சொல்ல முடியும்."

"சொல்லுவேன். என் தலையெழுத்து, வீட்டுலயும் ஒருத்தர் முணுமுணுத்துக்கிட்டே இருக்கார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் அவருக்கு 'எல்லைக்காரர்' என்று பட்டப்பெயர். அதற்கும் சிரிக்க மாட்டார்.

இந்தக் குணம் என்னை உண்மையிலேயே சுட்ட நாள் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று ஸ்கேன் எடுக்கப் போனோம். காத்திருந்த நேரமெல்லாம் என் உயிர் என் கையில் இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலம்மா. நிம்மதியா போங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "டாக்டர், எவ்வளவு சின்னதா இருந்தா உங்க மெஷினுக்குத் தெரியாம போகும்?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் அவர் வாயைத் திறந்தபோது, "இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா இங்கயே இறங்கிடுவேன்" என்றேன். ஒரே ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்க ஆசைப்பட்டேன், அதைக்கூட இந்த மனுஷர் விட்டுவைக்கவில்லை என்று ஆறவே இல்லை எனக்கு. அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஸ்கேனுக்கு என் நாத்தனாரைத்தான் துணைக்குக் கூட்டிப்போகிறேன்.

நாத்தனார் என்றால் இவருடைய ஒரே தங்கை. ஊரின் அந்தக் கோடியில் அவள் வீடு. அந்தப் பக்கத்தில் முன்பு ஓர் உலோக ஆலை இருந்தது. தாதுக்கல்லை உருக்கி உலோகத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிற கசடை மலைபோலக் கொட்டி வைத்திருந்தார்கள். கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கல். ஆலையை மூடியபோது அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பள்ளத்தை நிரப்பவும் வீட்டுக்கு அடித்தளம் போடவும் சும்மா கிடைக்கிற கல்லை யார் விடுவார்கள்? அந்தக் கசடில் கதிர்வீச்சு சேர்ந்திருக்கும் என்று யாரோ கிளப்பிவிட, தெரு முழுக்க அளக்கும் வேலை இவர் தலையில் வந்து விழுந்தது.

அந்த நேரத்தில்தான் நாத்தனாரின் மகள் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை நடக்கும்வரையாவது அம்மாவோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. வீட்டில் காற்று வருகிற ஒரே அறை முன்னறை. தொட்டில் கட்டிலை அங்கேதான் போட வேண்டும். அந்த முன்னறையோ பிற்பாடு பள்ளத்தை நிரப்பிக் கட்டியது.

"அண்ணா, நீ ஒரு வார்த்தை சொல்லு. குழந்தைய அங்க படுக்க வைக்கலாமா வேணாமா?" என்று நாத்தனார் கேட்டாள்.

இவர் அளந்தார். அவள் வீட்டையும் அளந்தார், தெருவில் மற்ற வீடுகளையும் அளந்தார். எல்லா வீட்டுக்கும் ஒரே முடிவு: கண்டறியப்படவில்லை.

"கருவிக்குத் தெரியுற அளவுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் தங்கையிடம்.

"இந்த இழுவை எல்லாம் எனக்கு எதுக்கு? இல்லைன்னா இல்லைன்னு சொல்லேன்!" என்று அவள் சிரித்தாள். இவர் சொல்லவில்லை. ஆனால் அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்க அண்ணனே வந்து பார்த்துட்டார், எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான் என்று ஒரே பெருமை. கட்டில் முன்னறைக்கு வந்தது. குழந்தையும் வந்தது.

சில மாதங்கள் ஓடின. அந்தக் குழந்தை குப்புறத் திரும்பி, தவழ ஆரம்பித்து, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டது. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தோம். தெருமுனைப் பூங்காவைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். இவர் நடந்துகொண்டே இருந்தவர் நின்றுவிட்டார். மண் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்தார். எழுந்தபோது கையில் ஒரு கறுப்புக் கல், கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"என்னங்க?" என்றேன். முகம் பேயறைந்தது போல வெளுத்துவிட்டது. கல்லைக் குவியலிலேயே போட்டுவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துத் துடைத்து நடந்தார். தங்கை வீட்டில் அன்று குழந்தையைத் தூக்கவில்லை. முன்னறைக் கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியாக இருக்கும் என்று நாத்தனார் தைலம் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாயைப் பிடுங்கினேன். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தத் தெருவுக்கான பின்னணியை எடுத்தது அந்தப் பூங்காவில்தான். வீடு எதுவும் இல்லாத திறந்த இடம், பழைய மரங்கள், ஆலை வருவதற்கு முன்பே இருந்த பூங்கா என்று பேச்சு. அதனால் சுத்தமான இடம் என்று நினைத்தார். உண்மையில் அதையும் இடையில் எப்போதோ கசடைக் கொட்டித்தான் மட்டப்படுத்தியிருக்கிறார்கள்.

"அதனால என்ன?" என்றேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவர் மேசைமேல் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்தார். "கடையில சர்க்கரை நிறுக்குறான். கிண்ணத்தோட எடைய முதல்ல கழிச்சுடணும், இல்லையா? நானும் கழிச்சேன். ஆனா நான் காலிக் கிண்ணம்னு நினைச்சுக் கழிச்ச கிண்ணத்துக்குள்ளயே சர்க்கரை இருந்திருக்கு. அப்புறம் எல்லா வீட்டுலயும் சர்க்கரையே இல்லைன்னுதான் வரும்."

"உங்களுக்கு அப்போ தோணலையா?"

"தோணியிருக்கணும். அவ வீட்டுப் பின்னறையில பூங்காவை விடக் குறைவா வந்துச்சு. கல்லுச் சுவர் தடுக்குதுன்னு நினைச்சுட்டேன். இந்த ஊர்ப் பாறையே கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும்னு வேற நினைச்சேன்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "பக்கத்துப் பாறை மேட்டுல எடுத்திருக்கலாம். லாரி ஏற முடியாத இடம், யாரும் எதையும் கொட்டியிருக்க முடியாது. ஆனா அங்க நிழல் இல்ல. ஏறணும். அன்னிக்கு எனக்கு முடியல. டிரைவரும் பூங்காவுல உக்காந்து சாப்பிட்டுடலாம் சார்னார்."

இத்தனை வருஷம் எல்லை எல்லை என்று என் உயிரை வாங்கியவர், நிழலுக்கு ஆசைப்பட்டு இப்படிச் செய்துவிட்டாரே என்று கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அவர் சொல்லை அப்படியே நம்பிய ஒரே ஆள் அவள்தான். நான்கூட நம்பியதில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரி அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. அவளும் களைத்துப் போனவள்தான். "அறிக்கை எப்பவோ போயாச்சு சார். இருக்குறது ஒரே வேன். நீங்களும் ஓய்வு பெறப்போறீங்க. அடுத்த வருஷத்துச் சுற்றுல சேத்துக்கலாமே" என்றாளாம்.

"அடுத்த வருஷம் அந்தக் குழந்தை ஓடிக்கிட்டிருக்கும் மேடம்" என்றாராம் இவர். அந்த அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, லீவு நாளில் கருவியை மட்டும் எடுத்துப்போகச் சம்மதித்திருக்கிறாள். டிரைவர், தன் சாப்பாட்டு யோசனைக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைத்தாரோ என்னவோ, நாங்கள் கேட்காமலேயே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அன்று காலையிலும் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "முதல்ல அளந்துடறேன். அப்புறமா சொல்றேனே அவகிட்ட" என்றார்.

"முதல்ல சொல்லுங்க. சொல்லாம அளந்தீங்கன்னா அது திருட்டுத்தனம். சொல்லாம இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்தீங்கன்னா நான்தான் தினமும் பாக்கணும். என்னால முடியாது" என்று நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நாத்தனார் கதவைத் திறந்தபோது குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. இவர் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றபடி சொன்னார். சர்க்கரைக் கிண்ணத்தையும் சொன்னார், நிழலையும் சொன்னார். நிழலைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "நிழலுக்காகவா?" என்றாள் பிறகு.

"ஆமா."

"என் பேத்தி அஞ்சாறு மாசமா அந்த ரூம்ல படுத்திருக்கா. நான் தெரு பூரா போய்ச் சொன்னேன். எதுத்த வீட்டுக்காரி காலி பண்றேன்னு நின்னா. எங்க அண்ணன் பாத்துட்டார், பயப்படாதேன்னு நான்தான் நிறுத்தி வச்சேன். இப்போ அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"உன்கிட்ட நான் இல்லைன்னு சொல்லல..." என்று இவர் ஆரம்பித்தார். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

"வாய மூடு அண்ணா!" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குழந்தை மிரண்டு அழ ஆரம்பித்தது. மகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். நாத்தனார் கதவைச் சாத்தவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

முதலில் பாறை மேட்டுக்குப் போனோம். படிகூடக் கிடையாது. கருவியை டிரைவர் தூக்கிக்கொண்டார். இவர் ஒவ்வொரு கல்லிலும் கையை ஊன்றி, மூச்சு வாங்கி வாங்கி ஏறினார். உச்சியில் ஒரு புல்கூட இல்லை. முக்காலியை நிறுத்திவிட்டு, முழுசாக ஒரு மணி நேரம் எண்ண வேண்டும் என்றார். நான் கொண்டுவந்த குடையை விரித்துப் பக்கத்தில் போனேன்.

"தள்ளி நில்லும்மா. நம்ம உடம்புலயும் கொஞ்சம் இருக்கு. அதையும் சேத்து எண்ணிடும்."

"அடக்கடவுளே, என்னையும் கசடுல சேத்துட்டீங்களா!" என்றேன். டிரைவர் சிரித்தார். இவரும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது, வெயிலில் சரியாகத் தெரியவில்லை. தள்ளி நின்று ஒரே குடைக்குள் மூன்று பேரும் முதுகு வேகக் காத்திருந்தோம். இந்த வேலையை இத்தனை வருஷம் இவர் எப்படித்தான் செய்தாரோ என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். இறங்கும்போது அவர் ஒவ்வோர் அடியாகக் காலை வைக்க, நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு வீடு. ஒவ்வோர் அறைக்கும் அதே ஒரு மணி நேரம். கருவி உள்ளே எண்ணிக்கொண்டிருக்க, நாங்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. மகள் மட்டும், "மாமா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இவர் கடைசி அறையிலிருந்து வெளியே வந்தார். நாத்தனார் எழுந்து நின்றாள்.

"முன்னறையில இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இருக்கு என்று இவ்வளவு நேராக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. "மேட்டுல இயற்கையா இருக்குறதுக்கு மேல இன்னொரு பாதி. தரைக்கு அடியில கசடுதான். இத்தனை மாசத்துல குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்கும்னு பயப்படற அளவு இல்ல. ஆனா வருஷக்கணக்குல அங்க படுத்து வளரக் கூடாது. தரையத் தோண்டி எடுக்குற வரைக்கும் அந்த ரூம் வேணாம்."

மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். நாத்தனார் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "பின்னறை?" என்றாள்.

இவர் தயங்கினார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. இன்றைக்காவது, இந்த ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"பின்னறையில... கருவிக்குத் தெரியுற அளவுக்கு இல்ல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். "எவ்வளவு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை. "மேட்டுல இருக்குறதுக்கு மேல பத்துல ஒரு பங்கு கூடியிருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும்."

"அதுக்கும் கீழன்னா?"

"அதுக்குக் கீழ எனக்குத் தெரியாது. இந்தப் பாறைக்கும் அடுத்த பாறைக்குமே அந்த வித்தியாசம் இருக்கும்."

"சரி. அது போதும்" என்றாள். உள்ளே போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "ஒரு கை பிடி அண்ணா." இவர் இன்னொரு பக்கம் பிடித்தார். கதவு இடுக்கில் சிக்கிக்கொண்டு கட்டிலைச் சாய்த்து, திருப்பி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பின்னறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. புழுக்கம். நாத்தனார் மின்விசிறியை எடுத்து வந்து வைத்தாள்.

அவள் அவரை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. புறப்படும்போது செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "எதுத்த வீட்டுக்கு என்னிக்கு வருவே?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு மேடத்துகிட்ட சொல்லிட்டு... தெரு முழுக்கத் திரும்ப எடுக்கணும். என் மிச்ச நாளெல்லாம் இதுக்குத்தான் சரியா இருக்கும்."

"நானும் கூட வர்றேன். அவங்ககிட்ட நான்தானே சொன்னேன்" என்றாள்.

வேன் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்ததால் நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். உட்கார இடம் கிடைத்தது. அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெயிலில் கறுத்து, காய்ந்து, ஒரே நாளில் பத்து வயசு கூடினவர் மாதிரி இருந்தார். அடுத்த மாதம் எனக்கு ஸ்கேன். அது ஞாபகம் வந்தது. ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியல என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் நான் வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு விழித்துக்கொண்டு கிடக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"என்னங்க."

"ம்."

"அன்னிக்கு அந்த டாக்டர்கிட்ட கேட்டீங்களே. எவ்வளவு சின்னதா இருந்தா தெரியாதுன்னு. அவர் என்ன சொன்னார்?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை. நேற்றுக் கேட்டதுபோல உடனே சொன்னார்.

"ஒரு மிளகு அளவு இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்னு சொன்னார். உன்கிட்ட சொல்லத்தான் கேட்டேன். நீ எந்திரிச்சுப் போயிட்ட."

மிளகு. அவ்வளவுதான். இத்தனை வருஷமாக இருட்டில் நான் என்னென்னவோ அளவில் நினைத்துக்கொண்டு கிடந்தேன். என் விரல்கள் தானாகவே ஒரு மிளகைப் பிடிப்பது மாதிரி சேர்ந்துகொண்டன. அடுத்த மாதம் நீங்களே என்னோடு வாங்க என்று சொல்லத் திரும்பினேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். நானும் அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினேன். எங்கள் நிறுத்தம் எப்போது தாண்டிப்போனது என்று இருவருக்குமே தெரியவில்லை.